ஒரே பதிவு, சர்வருக்கொரு கணக்கு

நானும் ஒரு நண்பரும் ஒருநாள் மாஸ்டடானில் ஒரே பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் திரையில் அதன் கீழே பதினொரு பதில்கள். என் திரையில் மூன்று. விருப்பக்குறி அவருக்கு நாற்பது சொச்சம் காட்டியது, எனக்கு ஐந்து. பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். செயலியை மூடித் திறந்தேன். மூன்று மூன்றாகவே இருந்தது. இணைய இணைப்பை நாலு திட்டுத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் எதிலும் கோளாறு இல்லை. என் சர்வர், அதாவது என் கணக்கு இருக்கும் கணினி, தனக்குத் தெரிந்ததைக் காட்டியது, அவர் சர்வர் அதற்குத் தெரிந்ததைக் காட்டியது. அவ்வளவுதான்.

மாஸ்டடான் என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ட்விட்டர் போலக் குட்டிக் குட்டிப் பதிவுகள் போடுகிற இடம். படங்களுக்குப் பிக்ஸெல்ஃபெட், வீடியோவுக்குப் பியர்டியூப், குழு விவாதங்களுக்கு லெம்மி. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இந்த மொத்தக் கூட்டத்தையும் ஃபெடிவெர்ஸ் என்கிறார்கள். "மையமே கிடையாது, மக்களே நடத்துகிறார்கள்" என்று ஒரு வரியில் விளக்கிவிட்டுப் போவது சுலபம். மையம் இல்லையென்றால் அப்புறம் எதை யார் வைத்திருக்கிறார்கள், ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? இதைப் பிடித்துவிட்டால் அந்த மூன்றும் பதினொன்றும் தானாகப் புரிந்துவிடும்.

மாஸ்டடான் என்பது ஒரு மென்பொருள். 2016-இல் ஆய்கன் ரோச்கோ வெளியிட்டது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் இறக்கித் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். நிறுவியவர் அந்தச் சர்வரின் நிர்வாகி. தனக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பத்து நண்பர்களுக்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கணக்குகள் உள்ள சர்வர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம், தனி விதிகள், மாதா மாதம் தனிச் செலவு. பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது, போதாததை நிர்வாகி கையிலிருந்து போடுகிறார்.

உங்கள் கணக்கு இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கும். அதனால்தான் முகவரியில் இரண்டு பகுதிகள். @மலர்@தோப்பு என்றால் தோப்பு என்ற சர்வரில் இருக்கும் மலர். (நிஜத்தில் தோப்பு இருக்கும் இடத்தில் ஒரு டொமைன் பெயர் இருக்கும்.) @மலர்@அலை என்பவர் வேறு ஆள். இருவரும் பெயருக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

இதை விளக்க எல்லோரும் மின்னஞ்சலைத்தான் இழுப்பார்கள். பாதி சரிதான், யாரிடம் கணக்கு வைத்திருந்தாலும் யாருக்கும் எழுதலாம். ஆனால் ஒரு மின்னஞ்சலுக்கு விருப்பக்குறி கிடையாது, அதை நூறு பேர் பகிர்வதில்லை, அனுப்பியபின் அதைத் திருத்தவோ அழிக்கவோ யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிக்கல்கள் எல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கின்றன.

கதிர் மலரைப் பின்தொடர்கிறார்

கதிர் இருப்பது அலை சர்வரில். தேடல் பெட்டியில் @மலர்@தோப்பு என்று தட்டுகிறார். அலைக்கு அதுவரை மலர் யாரென்றே தெரியாது. அது தோப்பிடம் போய், "மலர் என்று உங்களிடம் யாராவது உண்டா?" என்று விசாரிக்கும். இப்படி விசாரிக்கும் முறைக்கு வெப்ஃபிங்கர் என்று பெயர், 2013-இலேயே இணையத் தரமாக வந்துவிட்டது. "உண்டு, விவரம் இந்த முகவரியில் இருக்கிறது" என்று தோப்பு பதில் சொல்லும். அலை அங்கே போய் மலரின் விவரத்தை எடுத்துவரும். பெயர், படம், தன்னைப் பற்றி அவர் எழுதிய இரண்டு வரி எல்லாம் அதில் இருக்கும். நமக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு இருக்கும்: மலருக்கு வரும் தகவல்களைப் போடவேண்டிய இன்பாக்ஸின் முகவரி, அப்புறம் மலரின் பொதுச் சாவி.

கதிர் பின்தொடர் பொத்தானை அழுத்தியதும் அலை ஒரு சின்னத் தகவலை எழுதி மலரின் இன்பாக்ஸில் போடுகிறது. செய்பவர் கதிர், செயல் ஃபாலோ, யாரை என்றால் மலரை. தோப்பு அதற்கு அக்செப்ட் என்ற தகவலைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நிமிடத்திலிருந்து மலரின் பின்தொடர்வோர் பட்டியலில் கதிர் இருக்கிறார்.

யார், என்ன செய்தார், எதை. இந்த மூன்றையும் வைத்துத்தான் மொத்த ஃபெடிவெர்ஸும் பேசுகிறது. பதிவு போட்டால் கிரியேட், பிடித்திருந்தால் லைக், பகிர்ந்தால் அனௌன்ஸ், அழித்தால் டெலீட், எடுத்த முடிவை மாற்றிக்கொண்டால் அண்டூ. எந்தத் தகவலை எப்படி எழுதுவது, எங்கே போடுவது என்று வகுத்துச் சொல்லும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. அதற்கு முன்னால் யாரும் முயலவில்லை என்று இல்லை. 2008-இலேயே எவன் ப்ரோட்ரோமூ ஐடென்டிகா என்ற தளத்தைத் தொடங்கியிருந்தார், அந்த வழியில் வந்த ஓஸ்டேட்டஸ் என்ற நெறிமுறையில்தான் மாஸ்டடானும் முதலில் பேசியது. டயஸ்போரா என்ற இன்னொரு சமூக வலைப்பின்னல் 2010-இல் தனக்கென ஒரு பாஷையை வைத்துக்கொண்டு கிளம்பியது, இன்றும் அதிலேயே இருக்கிறது.

சரி, கதிர் பெயரில் வேறு யாராவது பொய்யாகத் தகவல் அனுப்பினால்? அதற்குத்தான் சாவி. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஜோடிச் சாவி உண்டு. ரகசியச் சாவியால் அலை தகவலில் கையெழுத்திடும். தோப்பு கதிரின் பொதுச் சாவியை எடுத்துவந்து அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ரகசியச் சாவி கதிரின் கைபேசியில் இருப்பதில்லை, சர்வரில் இருக்கிறது. கதிருக்காக அலைதான் கையெழுத்துப் போடுகிறது. அப்படியானால் அலையின் நிர்வாகி நினைத்தால் கதிர் பெயரில் எழுதவும் முடியும். பெரிய நிறுவனங்களின் தளங்களிலும் இதே நிலைதான், அங்கே யாரென்று தெரியாத ஒருவர், இங்கே பெயர் தெரிந்த ஒருவர்.

இப்போது மலர் ஒரு பதிவு போடுகிறார். அவரைப் பின்தொடர்வோர் முன்னூறு பேர், அதில் நூற்றிருபது பேர் அலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோப்பு நூற்றிருபது முறை அலைக்கு ஓட வேண்டியதில்லை. சர்வருக்குப் பொதுவாக ஓர் இன்பாக்ஸ் வைத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு, அதில் ஒருமுறை போட்டால் போதும். அலை அதை வாங்கித் தன் தரவுத்தளத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நூற்றிருபது பேருக்கும் காட்டும். அலை அப்போது படுத்துக் கிடந்தால் தோப்பு கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும், அப்புறம் இன்னும் அதிக நேரம் கழித்து. சில நாள் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும்.

கதிர் அந்தப் பதிவைப் படிக்கும்போது தோப்புக்குப் போவதே இல்லை. தன் அலையில் உள்ள பிரதியைத்தான் படிக்கிறார். இங்கேதான் எல்லாம் இருக்கிறது.

மூன்றும் பதினொன்றும்

மூன்றாவதாக மணல் என்று ஒரு சர்வர். அங்கே நிலா இருக்கிறார். மணலில் ஒருவர்கூட மலரைப் பின்தொடரவில்லை. அதனால் மலர் போட்ட பதிவு மணலுக்கு வரவே இல்லை. மறுநாள் நிலா பின்தொடரும் வேறு யாரோ ஒருவர் அந்தப் பதிவைப் பகிர்கிறார். பகிர்வுத் தகவல் மணலுக்கு வருகிறது. அதில் பதிவின் முகவரி இருக்கும். மணல் அதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்குப் போய்ப் பதிவை எடுத்துவந்து ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது.

பதிவுக்குக் கீழே இதற்குள் பதினொரு பேர் பேசிவிட்டார்கள். அந்தப் பதில்கள் மணலுக்கு எப்படி வரும்? ஒரு பதில் போகும் இடங்கள் இரண்டு. யாருக்குப் பதிலோ அவருடைய சர்வர் ஒன்று. பதில் எழுதியவரைப் பின்தொடர்வோரின் சர்வர்கள் இன்னொன்று. தோப்பு தனக்கு வந்த பதில்களை மலரைப் பின்தொடர்வோரின் சர்வர்களுக்கு முன்னனுப்பவும் செய்யும். மணல் இதில் எதிலும் இல்லை. பதினொரு பேரில் மூன்று பேரை மட்டும் மணலில் யாரோ பின்தொடர்ந்தார்கள், அந்த மூன்று பதில்கள் வந்தன. விருப்பக்குறியோ இன்னும் மோசம். அது எழுதியவரின் சர்வருக்குத்தான் போகும், மற்றவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. ஆக, தோப்பில் நின்று பார்ப்பவருக்கு நாற்பது, மணலில் நிற்பவருக்கு ஐந்து.

என்னைக் கேட்டால் இது ஒரு குறைதான், இதையும் அழகு என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அதே பதிலை எட்டுப் பேர் எழுதுவார்கள். ஒவ்வொருவரும் தன் திரையில் பதிலே இல்லை என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். கேட்டவருக்கு எட்டும் வந்து குவியும், எரிச்சல் வரும். மாஸ்டடானின் அண்மைப் பதிப்புகள் விடுபட்ட பதில்களைத் தேடிப்போய் எடுத்துவர முயல்கின்றன, கொஞ்சம் பரவாயில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. முழுக் கணக்கு யாரிடமும் இல்லாததால் "இன்று உலகமே இதைத்தான் பேசுகிறது" என்று யாராலும் உங்கள் முன் நீட்ட முடியாது. ஒரு சர்வர் காட்டும் பிரபலப் பட்டியல் அந்தச் சர்வருக்கு எட்டியவற்றின் பட்டியல்தான்.

பிரதிகளால் வரும் வேடிக்கையான தொல்லை ஒன்று இருக்கிறது. நிறையப் பேர் பின்தொடரும் ஒருவர் ஒரு சின்ன இணையதளத்தின் சுட்டியைப் போடுகிறார். பதிவு ஆயிரம் சர்வர்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் சுட்டிக்குக் கீழே காட்ட ஒரு முன்னோட்டம் வேண்டுமென்று அந்த இணையதளத்துக்குப் போய் நிற்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர். மனிதர் ஒருவரும் இன்னும் சுட்டியைத் தொடவில்லை, தளம் மூச்சுத் திணறுகிறது. எல்லோரும் ஒரேயடியாகப் போய் விழாமலிருக்க மாஸ்டடான் சர்வர்கள் ஆளுக்குச் சில வினாடிகள் முன்னே பின்னே போகும்படி வைத்திருக்கிறார்கள். நோய் முழுக்கத் தீரவில்லை.

அழிப்பதையும் இப்போது ஊகித்திருப்பீர்கள். மலர் பதிவை அழித்தால் தோப்பிலிருந்து போய்விடும். மற்றவர்களுக்கு டெலீட் தகவல் போகும். ஒழுங்கான சர்வர்கள் தங்கள் பிரதியை அழித்துவிடும். பழைய மென்பொருளோ, முரட்டு நிர்வாகியோ, அன்று படுத்துக் கிடந்த சர்வரோ என்றால் பிரதி அங்கேயே இருக்கும். மலர் வேண்டுகோள்தான் விடுக்க முடியும். தனிச் செய்தியும் அப்படித்தான். "குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்" என்று மாஸ்டடானில் அனுப்புவது பூட்டிய செய்தி கிடையாது. உங்கள் சர்வரிலும் பெறுபவர் சர்வரிலும் சாதாரண எழுத்தாகத்தான் கிடக்கும், நிர்வாகிகள் பார்க்க நினைத்தால் பார்க்கலாம். வங்கிக் கடவுச்சொல்லை அதில் அனுப்பாதீர்கள்.

வேறு வேறு செயலி, ஒரே பேச்சு

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பியர்டியூபில் உள்ள ஒரு சேனலை மாஸ்டடான் கணக்கிலிருந்தே பின்தொடரலாம். புது வீடியோ வந்தால் உங்கள் ஓடையில் (பின்தொடர்பவர்களின் பதிவுகள் வரிசையாக வரும் பக்கத்தில்) ஒரு பதிவாக வந்து நிற்கும். அதற்கு நீங்கள் மாஸ்டடானிலிருந்து பதில் எழுதினால், அந்தப் பதில் பியர்டியூபில் வீடியோவுக்குக் கீழே கருத்தாகத் தோன்றும். பியர்டியூபில் உங்களுக்குக் கணக்கே கிடையாது. ஒரு பெரிய வீடியோ தளத்துக்கும் ஒரு பெரிய குறும்பதிவுத் தளத்துக்கும் இடையே இப்படி நடக்கும் என்று நினைத்துப் பார்க்க முடிகிறதா?

லெம்மியில் வேலை சற்று வேறு. அங்கே குழுவே ஒரு கணக்கு. அதற்கும் இன்பாக்ஸ் உண்டு. யாராவது குழுவுக்கு எழுதினால், குழு அதை வாங்கித் தன்னைப் பின்தொடரும் எல்லோருக்கும் பகிர்ந்துவிடும். மாஸ்டடான்காரர் அந்தக் குழுவைப் பின்தொடர்ந்தால் விவாதம் முழுக்க அவர் ஓடையில் வந்து கொட்டும். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அவசரமாக விலகினேன், ஓடையில் வேறெதையும் காண முடியவில்லை.

எல்லாமே சரியாகப் பொருந்திவிடும் என்றும் இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குப் புரிந்ததைக் காட்டும், புரியாததைச் சுருக்கும், அல்லது விட்டுவிடும். நீண்ட கட்டுரை ஒன்று மாஸ்டடானில் வெறும் தலைப்பும் சுட்டியுமாக வந்து நிற்கக்கூடும்.

ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையையும் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது ஏடி புரோட்டோகால் என்ற வேறு நெறிமுறையில் ஓடுகிறது. அங்கே சர்வருக்குச் சர்வர் தகவல் கொடுத்துக்கொள்வதில்லை. எல்லோருடைய பதிவுகளையும் ஓர் இடத்தில் திரட்டி, திரட்டியதிலிருந்து ஓடையைத் தயாரிக்கிறார்கள். அதனால் பதில்கள் விடுபடுவதில்லை. ஆனால் அவ்வளவையும் திரட்டி வைத்துக்கொள்ள வசதி வேண்டும், வீட்டு மூலையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை.

யாரோடு சேர்வது

2019-இல் காப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துத் தன் தளத்தை அதன்மேல் அமைத்துக்கொண்டது. தீவிர வலதுசாரிகளும் வெறுப்புப் பேச்சும் நிறைந்த இடம் என்று பெயரெடுத்த தளம் அது. மாஸ்டடானை உருவாக்கியவர்களுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் கட்டற்ற மென்பொருள், "நீ பயன்படுத்தாதே" என்று தடுக்க வழியில்லை. மையம் இருந்தால் ஒரு பொத்தானில் முடிந்திருக்கும்.

நடந்தது வேறு. சர்வர் சர்வராக நிர்வாகிகள் காப்பின் டொமைனைத் தங்கள் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். சில செயலிகளும் அதற்குள் நுழையவிடாமல் தடுத்தன. காப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பேசத்தான் எதிரில் ஆளில்லை.

நிர்வாகியிடம் இருக்கும் கருவி இதுதான். வேறொரு சர்வரை முழுக்க வெட்டிவிடலாம், தகவல் வரவும் வராது, போகவும் போகாது. அல்லது மட்டுப்படுத்தலாம்: பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும், பொது ஓடையில் வராது. மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் 2023 டிசம்பரில் ஆக்டிவிட்டிபப் சோதனையைத் தொடங்கியபோது, வருவதற்கு முன்பே அதைத் தடை செய்த சர்வர்களும் இருந்தன, வரட்டும் என்று திறந்து வைத்தவையும் இருந்தன. இரண்டு முடிவும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன.

இதில் அடிபடுவது சில நேரம் நம் போன்றவர்கள். இரண்டு நிர்வாகிகளுக்குள் ஏதோ சச்சரவு, ஒருவர் இன்னொருவர் சர்வரை வெட்டிவிட்டார், மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்த நண்பர் ஒரு காலையில் ஓடையில் இல்லை. எனக்கு இது நடந்திருக்கிறது. என்ன சண்டை என்று இன்னும் தெரியாது.

வீடு மாறுவது

சர்வர் பிடிக்கவில்லையென்றால் மாறலாம். புதுக் கணக்கில் "அந்தப் பழைய கணக்கும் நான்தான்" என்று குறித்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து மூவ் என்ற தகவலை அனுப்ப வேண்டும். பின்தொடர்வோரின் சர்வர்கள் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அவர்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிடும். எழுதிய பதிவுகள் கூட வராது, அவை பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

கவனியுங்கள், மூவ் தகவலை அனுப்புவது பழைய சர்வர். அது திடீரென்று செத்துப்போனால் அனுப்ப ஆளில்லை. நான் முதலில் சேர்ந்த சர்வர் அப்படித்தான் ஒருநாள் காணாமல் போனது. நடத்தியவருக்கு என்ன கஷ்டமோ. பின்தொடர்ந்தவர்களை ஒவ்வொருவராக நினைவிலிருந்து தேடிப் பிடித்தேன், பாதிப் பேர் கிடைத்தார்கள்.

சர்வர் நன்றாக இருந்து பெயர் மட்டும் பறிபோவதும் உண்டு. குயர்.ஏஎஃப் என்று ஒரு மாஸ்டடான் சர்வர் இருந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானுக்கு உரிய டொமைன் பின்னொட்டு. 2024 பிப்ரவரியில் தாலிபான் ஆட்சியின் கீழ் உள்ள அமைச்சகம் அந்தப் பெயரை முடக்கியது. கணினியும் தரவும் பத்திரமாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு கணக்கின் முகவரியிலும் பாதி அந்த டொமைன் பெயர்தானே, அது போனதும் வெளியுலகத்துக்கு அந்தக் கணக்குகளே இல்லாமல் போயின.

அதனால் சேரும்போது சர்வரின் "பற்றி" பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். நடத்துவது யார், ஒருவரா இரண்டு மூன்று பேரா, செலவு எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன என்று அதில் இருக்கும். எதுவுமே எழுதாத சர்வரை நான் தவிர்ப்பேன். மாஸ்டடானின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால், மூடுவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே சொல்வேன், தினமும் காப்புநகல் எடுப்பேன், அவசரத்துக்கு இன்னொருவராலும் சர்வருக்குள் நுழைய முடியும் என்றெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எது சிறந்தது என்று ஒரு வாரம் ஆராய வேண்டாம், எங்கிருந்தாலும் யாரோடும் பேசலாம் என்பதுதானே ஏற்பாடு.

சேர்ந்த முதல் நாள் ஓடை காலியாக இருக்கும். நண்பர் பெயரைத் தேடினால், குறிப்பாகச் சின்னச் சர்வராக இருந்தால், "யாரும் கிடைக்கவில்லை" என்று வரும். கதிருக்கு நடந்ததேதான், உங்கள் சர்வர் அவரை இன்னும் அறியாது. அவருடைய முழு முகவரியையும் இரண்டு @ குறியோடு அப்படியே பெட்டியில் ஒட்டுங்கள், போய்க் கூட்டிவரும். பழைய பதிவுகள் சில காணாமல் இருக்கலாம், பதில்கள் குறைவாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் பதிவின் மெனுவில் "மூலப் பக்கத்தைத் திற" என்பது போல ஒன்று இருக்கும், தொடுங்கள். எழுதியவரின் சர்வருக்கே கொண்டுபோய் விடும். என் மூன்று பதினொன்றானது அங்கேதான்.